மதிவதனியின் பத்தியம்

கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. வைத்தாலும் கேட்டைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். ஹேர்பின் கூடாது, கிளிப் கூடாது, ஒரு முடிகூடத் தொப்பிக்கு வெளியே தெரியக்கூடாது. வல்லம் வடகாலில் கார்களுக்கு வயரிங் கட்டுகிற லைனில் இசைவாணி நான்கு வருடமாக நிற்கிறாள். ஆள் உயரப் பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். வண்ண வண்ண ஒயர்களை அவற்றுக்கு நடுவே ஓட்டி, கறுப்பு டேப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து தொப்பியைக் கழற்றினால் நெற்றியைச் சுற்றி ரப்பரின் தடம் சிவப்பாக இருக்கும், தலைமுடி வேர்வையில் ஒட்டிக் கிடக்கும்.

அதனாலோ என்னவோ, வார லீவில் மகளின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். மதிவதனி ஒன்றாம் வகுப்பு. அடர்த்தியான முடி. ஒயரைப் பிரித்துச் சேர்க்கிற அதே விரல் வேகத்தில் நாலு பிரி, ஐந்து பிரி என்று இசைவாணி பின்னிப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்து மறுபடியும் பின்னுவாள். குழந்தை அதற்குள் தூங்கிவிடும்.

அந்தத் தலையில்தான் ஆனி மாதம், வலது காதுக்கு மேலே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது.

அவர்கள் குடியிருந்தது சேரப்பணஞ்சேரியில், சுந்தராம்பாள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில். ஒரே வரிசையில் நாலு அறை, மேலே சிமெண்ட் ஷீட். அறைகளுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு போர் குழாய், துவைக்கிற கல். நிலத்தைக் கம்பெனிக்கு விற்றபோது மற்றவர்கள் மாட்டையும் சேர்த்து விற்றார்கள். சுந்தராம்பாள் விற்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். நாலு அறைக்காரர்களும் அவளிடம்தான் பால் வாங்கினார்கள். அந்த வருடம் பிறந்த கன்றுக்குட்டிக்குச் செவலை என்று பேர். மதிவதனி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு நேராகப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

குழாயடியில் குழந்தையின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சுந்தராம்பாள் சொன்னாள்: "இது புழுவெட்டுடி. சின்ன வெங்காயத்த நசுக்கித் தேய். எங்க மாமனாருக்கு மீசைலயே வந்துச்சி. தேச்சித் தேச்சிதான் முளைச்சிது."

"ஒரு பக்கம் மட்டும் மீசை வெச்சிகினு இருந்தாராக்கா?"

"ஆமான்றேன். அத்தோடதான் என்னப் பொண்ணு பாக்க வந்தாரு. நான் சிரிப்ப அடக்கிகினு காபி குடுத்தேன், பாதி தட்டுல ஊத்திடுச்சி. அடக்கமான பொண்ணு, கை நடுங்குதுன்னு இட்டுகினு வந்துட்டாங்கோ."

வெங்காயம் தேய்த்ததில் குழந்தை அழுததுதான் மிச்சம். வட்டம் பெரிதானது. அரித்தது. சாம்பல் மாதிரி செதில் உதிர்ந்தது. அடுத்ததாக இசைவாணியின் புருஷன் பகலவன் ஒரு டியூப் வாங்கி வந்தான். உதிரிபாகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

"மெடிக்கல்ல குடுத்தான். எங்க டிபார்ட்மெண்ட்ல பாதிப் பேரு இத்தான் போடறாங்கோ. ரெண்டே நாள்ல அரிப்பு போயிடும்."

"எங்க போடறாங்க?"

பகலவன் டியூபின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எங்கன்னு கேக்கறேன்ல."

"தொடை இடுக்குல."

"தூ! அத்தக் கொண்டாந்து புள்ள தலைல தடவ சொல்றியா?"

"மருந்துக்குத் தலை இன்னா, தொடை இன்னா? ரெண்டும் தோலுதான."

திட்டிக்கொண்டேதான் தடவினாள். அரிப்பு நின்றது, சிவப்பு மங்கியது. பகலவன் ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தான். பிறகு டியூபை நிறுத்தியதும் உள்ளே பதுங்கி இருந்தது போல எல்லாம் சேர்ந்து எழும்பியது. வட்டம் கட்டியாக வீங்கிற்று. தொட்டால் பழுத்த கொய்யா மாதிரி அமுங்கியது. அங்கங்கே சீழ் முத்து. முடியைப் பிடித்து இழுக்கவே வேண்டாம், விரல் பட்டாலே கையோடு வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்கிறார்கள், டாக்டரிடம் காட்டி ஆறியதும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

இசைவாணிக்கு அன்று ஷிப்ட். பகலவன்தான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த கையோடு, குளிக்காமல்கூட, குழந்தையை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் போனான். அங்கே செல்போன் கடைக்கு மேல் மாடியில் தோல் டாக்டர் அம்சவல்லியின் கிளினிக். நீல விளக்கு போட்டுப் பார்த்தார். ஒரு முடியைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். இது பூஞ்சை, முடியின் வேருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, தடவுகிற மருந்து அங்கே எட்டாது, மாத்திரைதான் என்றார். கட்டி போல இருந்தாலும் யாரும் கத்தி வைக்க விடாதீர்கள் என்றார். மொட்டை அடித்தாலும் போகாது, சீப்பும் துண்டும் தனியாக வையுங்கள், வீட்டில் பூனை, கன்றுக்குட்டி உண்டா என்றார். இன்னும் ஏதோ சொன்னார். பகலவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்துகிறபோதே குரல் கொடுத்தான். "அக்கா, ஒன் கன்னுகுட்டிலேர்ந்துதான் வந்துதாம்!"

மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த சுந்தராம்பாள் கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. செவலையின் கண்ணைச் சுற்றிக் கொஞ்ச நாளாகச் சாம்பல் பூத்தாற்போல வட்டம் இருந்தது உண்மை.

"ஊருக்கே பால் ஊத்தறேன். ஒரு புள்ளைக்கும் வரல. ஒன் புள்ளைக்கு மட்டும் என் கன்னுகுட்டி தேடினு வந்து குடுத்துச்சா?"

"நான் சொல்லலக்கா, டாக்டரு சொன்னாங்கோ."

"கழுத்தக் கட்டிகினு படுத்துக் கெடக்குமே ஒம்பொண்ணு, நானா கட்டிக்க சொன்னேன்? வாயில்லா ஜீவன். அதால திருப்பிச் சொல்ல முடியாதுன்னுதான அது மேல போடற?"

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த இசைவாணியின் காதுக்கு விஷயம் போனது. அவளுக்குப் பகலவன்மேல் கோபம், சுந்தராம்பாள்மேலும் கோபம். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, நிமிராமல், "நாளைலேர்ந்து பால் வேணாங்க்கா" என்றாள். சுந்தராம்பாளும் நிமிராமல், "செரி" என்றாள்.

பால் நின்றது. பேச்சு நின்றது. ஆனால் சுந்தராம்பாள் முன்பே சொல்லிவைத்திருந்த பத்தியத்தை மட்டும் இசைவாணி விடவில்லை. புண்ணுக்குப் பருப்பு ஆகாது, சீழ் பிடிக்கும். முட்டை சூடு. மீன், கருவாடு, கத்திரிக்காய் மூன்றும் அரிப்பைக் கிளப்பும். எண்ணெயும் நெய்யும் கண்ணில் காட்டக்கூடாது. காஞ்சிபுரம் பக்கத்தில் அவளுடைய அம்மா வீட்டிலும் இதே வழக்கம்தான். அதனால் சந்தேகமே வரவில்லை. அரிசியை உடைத்துக் கஞ்சி, எண்ணெய் விடாத புதினாத் துவையல், வெறும் இட்லி. சாப்பிட்டதும் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பாள். லைனில் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். மகள் சாப்பிடாததைத் தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று அவளும் கஞ்சிதான் குடித்தாள். பகலவனுக்குக் கேண்டீன் இருந்தது.

சூப்பர்வைசர் மோகன்ராஜ் போன் செய்தார். மதுரைப் பக்கத்துக்காரர்.

"என்ன தாயி, பிள்ளைக்கு எப்டி இருக்கு?"

"அப்டியேதான் சார் கீது."

"கோவிச்சுக்கிராத. மாசக் கடைசிக்குள்ள வந்துரு. அதுக்கு மேலன்னா காண்ட்ராக்ட்காரன் வேற ஆளப் போட்ருவான். ஒன் பலகைல ஒரு பிள்ளை நிக்கிது பாரு, டேப்பச் சுத்தச் சொன்னா கைக்குக் கட்டுப்போட்ட மாதிரி சுத்துது. நான் எத்தனயத்தான் பிரிச்சு மாட்டுறது?"

இசைவாணி சிரித்துவிட்டாள். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீரும் வந்தது. வேலை போனால் படப்பை வரைக்கும் இன்னொரு கம்பெனி கிடைக்கும். மகளின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு இப்போது முடி இல்லை. அது திரும்பி வருமா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. காற்று கிளம்பி, தொழிற்பேட்டை ரோட்டு மண்ணையெல்லாம் கொடியில் காய்கிற யூனிபார்ம்மேல் கொண்டுவந்து கொட்டியது. ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனை நாலு அறைக்கும் வந்தது. கதவைச் சாத்தினாலும் வந்தது.

"மா, ஒரே ஒரு துண்டு. நக்கிட்டுக் குடுத்துடறேன்."

"தலை நல்லாவட்டும், ஒரு சட்டி வெச்சித் தரேன்."

"செவலை கூப்புடுதுமா."

"அது அதோட அம்மாவக் கூப்புடுது."

"இல்ல. அதோட அம்மா பக்கத்துலயேதான் நிக்குது."

மாத்திரை தீர்ந்தது. வீக்கம் வைத்தது வைத்தபடி இருந்தது. இந்தமுறை இசைவாணி தானே குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள்.

டாக்டர் அம்சவல்லி தலையை அமுக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "பாதியாவது வத்தியிருக்கணுமே. மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?"

இசைவாணி கைப்பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த வெற்று அட்டைகளை மேசையில் வைத்தாள். "ஒண்ணுகூட வுடல டாக்டர்."

"சாப்பாட்டுக்கு அப்புறமா?"

"அப்புறந்தான்."

"என்ன சாப்பாடு?"

இதற்குப் பதில் சொல்ல இசைவாணிக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கஞ்சி, வெறும் இட்லி, துவையல் என்று வரிசையாகச் சொன்னாள். "பத்தியம் அப்டியே காப்பாத்துறேன் டாக்டர். பருப்பு கெடையாது, முட்டை கெடையாது, மீனு கெடையாது. எண்ண ஒரு சொட்டு காட்டல."

டாக்டர் பேனாவை வைத்தார். "பால்?"

"நிறுத்திட்டேன்."

"நெய்?"

"நாக்குல படல."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இந்த மாத்திரை கொழுப்போட சேர்ந்தாத்தாம்மா உடம்புல ஏறும். பாலோ, முட்டையோ, நெய்யோ உள்ள இருக்கணும். வெறும் கஞ்சிக்கு மேல குடுத்தா பாதிக்கு மேல அப்படியே வெளிய போயிடும். உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைத்தானே திருப்பித் திருப்பிச் சொன்னேன்? நல்லாத் தலையாட்டினாரே."

"அவரு தேர்ட் ஷிப்ட் முடிச்சி வந்தாரு டாக்டர். கண்ணத் தொறந்துகினே தூங்குவாரு. தலையும் ஆட்டுவாரு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. இசைவாணிக்கு வரவில்லை. தான் இத்தனை நாள் வயிற்றைக் கட்டி, குழந்தையின் வாயைக் கட்டி, ஒவ்வொரு மாத்திரையையும் வீணாக்கியிருக்கிறோம் என்பது மெல்ல மெல்லத்தான் அவளுக்குள் இறங்கியது.

"முடி வருமா டாக்டர்?"

"வேர் இன்னும் இருக்கு. ஆனா இப்படியே நாளைக் கடத்தினா தழும்பு விழுந்துடும். தழும்புல முளைக்காது. அதனால இன்னிக்கே, இந்த வேளையிலேர்ந்தே சாப்பாட்டை மாத்துங்க. அந்தக் கன்னுக்குட்டிக்கும் மருந்து போடச் சொல்லுங்க, இல்லேன்னா மறுபடி ஒட்டிக்கும். ஸ்கூலுக்கு நான் எழுதித் தரேன். மாத்திரை உள்ள போயிட்டிருந்தா, ஷாம்பூவும் போட்டுக் குளிப்பாட்டினா, பயப்பட ஒண்ணுமில்ல."

அதுவரை சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்த மதிவதனி கேட்டாள்: "கருவாடு?"

"தாராளமா" என்றார் டாக்டர்.

ஆட்டோ நிறுத்தத்துக்கு எதிரே கடையில் பால் பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. இசைவாணி ஒன்று கேட்கப் போனவள் கேட்கவில்லை. பாலுக்கு மட்டும் என்றால் பாக்கெட் போதும். கன்றுக்கு மருந்து போடச் சொல்ல வேண்டும். அவள் வேலைக்குப் போனால் மத்தியான வேளை மாத்திரையை யாராவது கொடுக்க வேண்டும். அந்த யாராவது, எந்தப் பக்கம் திரும்பி யோசித்தாலும், ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சுந்தராம்பாள் பால் கறந்துகொண்டிருந்தாள். செவலை தள்ளி, வேப்ப மரத்தில் தனியாகக் கட்டியிருந்தது. அதன் கண்ணைச் சுற்றி, மூக்கின்மேலெல்லாம் பழுப்பு மை பூசினாற்போல் இருந்தது.

"இன்னாக்கா அது மூஞ்சில?"

சுந்தராம்பாள் கறப்பதை நிறுத்தவில்லை. "மாட்டு டாக்டரு வந்து பாத்தாரு. படைதான்னுட்டாரு. டிஞ்சர் பூசறேன். போன வாரமே ஒன்னாண்ட வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல." கொஞ்சம் பொறுத்து, "தலை எப்டி கீது?" என்றாள்.

இசைவாணி நடந்ததைச் சொன்னாள். கஞ்சி, நெய், கொழுப்பு, தலையாட்டிய புருஷன், எல்லாவற்றையும். சுந்தராம்பாளின் கை மடியிலேயே நின்றுவிட்டது. மாடு திரும்பிப் பார்த்தது.

"நான் சொன்ன பத்தியம்தானடி அது."

"நீ சொன்னதுன்னுதாங்க்கா ஒரு சொட்டு எண்ண காட்டாம இருந்தேன்."

"எங்கூட பேச மாட்ட, எங்கிட்ட பால் வாங்க மாட்ட, நான் சொன்ன பத்தியத்த மட்டும் கெட்டியாப் புடிச்சிகினியா? வுடற பழக்கமே இல்லியா ஒனக்கு?"

"சண்ட வேற, வைத்தியம் வேறக்கா."

சுந்தராம்பாள் எழுந்து வந்து சொம்பைப் பிடுங்கினாள். நுரை வழிய ஊற்றினாள். "போ. காய்ச்சி, ஆடையோட குடு."

ஆடையோடு கொடுத்ததை மதிவதனி ஆடையோடு வாந்தி எடுத்தாள். நெய் சோறு ரெண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. கஞ்சிக்குப் பழகிய வயிறு. கடைசியில், நெய்யில் போட்ட முட்டைதான் பிடித்தது. முட்டையைத் தின்றுவிட்டு, வாயைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு, விழுங்கியதற்குச் சாட்சியாக நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

வீக்கம் இறங்கத் தொடங்கியது. முதலில் சீழ் காய்ந்தது, பிறகு மேடு தட்டையானது. டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டிப் பள்ளிக்கூடத்துக்கும் போனாள். தலையில் பகலவன் வாங்கித் தந்த மஞ்சள் தொப்பி. வகுப்பில் இன்னும் ரெண்டு பேர் அதே மாதிரி தொப்பி கேட்டு வீட்டில் அழுதார்களாம். மாசக் கடைசிக்குள் இசைவாணி லைனுக்குத் திரும்பினாள். மோகன்ராஜ் அவளைப் பார்த்ததும் டேப் உருளையை எடுத்துக் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளித்தான். மத்தியானம் சுந்தராம்பாள் போய்க் குழந்தையைக் கூட்டிவந்து, முட்டை போட்டு, மாத்திரை கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டாள். குழந்தையும் செவலையும் பத்தடி தூரத்திலிருந்து பேசிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது புரட்டாசி வந்தது.

சுந்தராம்பாளுக்கு ஐப்பசி பிறக்கிற வரைக்கும் மீன், கறி, முட்டை வீட்டு வாசலைத் தாண்டி வரக்கூடாது. நெற்றியில் நாமம். கறி சமைத்த பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். அறைக்காரர்கள்கூட அந்த மாதம் மீன் கழுவுவதென்றால் குழாயடிக்கு வராமல் அறைக்குள்ளேயே கழுவுவார்கள்.

"நீ முட்டையெல்லாம் தொட வேணாங்க்கா" என்று இசைவாணி ஷிப்டுக்குக் கிளம்பும்போது சொன்னாள். "நெய் ஊத்தி பருப்பு சோறு ஊட்டு. தின்ற வரைக்கும் தின்னட்டும். சாயங்காலம் நான் வந்து முட்டை போட்டுத் தரேன்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஒன் பஸ்ஸு போவுது பாரு."

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. ஏதோ பாகம் வந்து சேராததால் லைன் நின்றுவிட்டது. இசைவாணியின் ஷிப்டை மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். அறை பூட்டியிருந்தது. சுந்தராம்பாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பெருமாள் படத்துக்குத் துளசி மாலை போட்டு, மாவிளக்கு ஏற்றி வைத்திருந்தது. ஆள் இல்லை. கொட்டகைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

போய்ப் பார்த்தாள். எருக்குழிக்குப் பக்கத்தில் மூன்று செங்கல் கூட்டி அடுப்பு. மேலே ஒரு சின்ன இரும்பு வாணல். முந்தானையை மூக்கைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டு, முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிச் சுந்தராம்பாள் முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்காமல் திருப்பியதில் பாதி வாணலிலும் பாதி செங்கல்லிலும் விழுந்தது. எதிரே தட்டோடு மதிவதனி. வேப்ப மரத்தடியில் செவலை.

"அக்கா! இன்னா இது, புரட்டாசி சனிக்கிழமையில?"

"கத்தாத. பருப்பு சோத்த வாய்ல வெச்சிகினு முழுங்காம ஒக்காந்துகினு கீது ஒம்பொண்ணு. மாத்திரைய வெறும் வயித்துல போட சொல்றியா? ஒரு தபா பண்ண கூத்து பத்தாதா?"

"பெருமாளு?"

"அவரு வூட்டுக்குள்ள கீறாரு. நான் இங்க கீறேன். வாணலு ஒன்னுது, முட்டை ஒன்னுது, எருக்குழி மாட்டுது. எனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." தட்டில் முட்டையைத் தள்ளினாள். "தின்னுடி. சீக்கிரம். நான் தலைக்கு ஊத்திகினுதான் வெளக்காண்ட போவணும்."

மதிவதனி தின்றாள். செங்கல்லில் விழுந்ததையும் எடுத்து ஊதித் தின்றாள். மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கை நீட்டி, முதலில் சுந்தராம்பாளுக்கும் பிறகு அம்மாவுக்கும் காட்டினாள். பின்பு செவலைக்கும் காட்டினாள்.

புழுக்கம் தாங்காமல் மஞ்சள் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தாள். இசைவாணி மகளின் பின்னால் குந்தி உட்கார்ந்து, வழக்கம் போல அந்த இடத்தில் விரலை வைத்தாள். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தினமும் வைத்துப் பார்த்த விரல். வழுவழுவென்று போய்க்கொண்டிருந்தது இன்று போகவில்லை. விரலை எடுத்துவிட்டு மறுபடி எதிர்ப்பக்கமாகத் தடவினாள். பிறகு உள்ளங்கையால்.

சுந்தராம்பாள் மூக்கிலிருந்து முந்தானையை இறக்கினாள். "இன்னாடி?"

"குத்துதுக்கா."

"எங்க, வுடு." கரி பட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளும் தொட்டுப் பார்த்தாள். காதுக்கு மேலிருந்து பின்தலை வரைக்கும் நிதானமாகத் தடவினாள். "ஆமா. நல்லாவே குத்துது. சவரம் பண்ணி ஒரு நாளான மோவாக்கட்ட மாதிரி கீது."

"ஒன் மாமனாரு மீசை மாதிரியா?"

"சிரிக்க வெக்காத, வெரதம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குழந்தை இருவருடைய கையையும் தட்டிவிட்டு, தன் கையால் தடவிப் பார்த்து, கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டது.

சுந்தராம்பாள் சொம்புத் தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்தாள். வாணலைக் கவிழ்த்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். குளிக்கப் போகிறவள் பாதியில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு முட்டை தீந்துடும். வரும்போது வாங்கினு வா. யாருக்குன்னு கடைக்காரன் கேட்டான்னா, என் பேர எடுக்காத."